கடைமடைக்காரன் சாவி

புங்கம்பாக்கத்து ஏரியில் தண்ணீர் இருந்தது. மதகு இருந்தது, வாய்க்கால் இருந்தது, வாய்க்காலின் இரு பக்கமும் கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் சம்பா நெல் நாக்குத் தள்ளிப்போய் நின்றது. மதகைத் திறக்கிற சாவி மட்டும் பதினோரு மைலுக்கு அப்பால் திண்டிவனத்தில் இருந்தது.

ஏரிக்குக்கூடப் பூட்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். 1939-ஆம் வருஷத்துத் தை மாதத்தில் புங்கம்பாக்கத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ராயப்பனுக்கு அறவே வரவில்லை. அந்த வாய்க்கால் முடிகிற இடத்தில் அவனுக்கு முக்கால் காணி நிலம் இருந்தது. அவன் பரம்பரைக்கே அதுதான் முதல் நிலம். அதில் நின்றது முதல் நெல். இன்னும் ஐந்தாறு நாளில் ஒரு தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர். பதராகிவிட்டால், பெரிய வீட்டு விருத்தாசலத்தின் வாசலில் மறுபடியும் படியாளாகப் போய் நிற்க வேண்டியதுதான். அங்கிருந்து தப்பி வந்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

ராயப்பன் படியாள் வேலையோடு இருபது வருஷம் அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாகவும் இருந்தவன். மதகைத் திறந்து மூடுவதும், யார் கழனிக்கு எத்தனை நாழிகை என்று பார்த்து மடை மாற்றி விடுவதும் நீர்க்கட்டியின் வேலை. அதைச் சேரியிலிருந்து ஒருவன்தான் செய்ய வேண்டும் என்பது ஊர் வழக்கம். சேரிமேல் கொண்ட பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். சேரியில் ஒருவனுக்கும் கைப்பிடி நிலம் கிடையாது, ஆகையால் தண்ணீரைத் திருடித் தன் கழனிக்கு விட்டுக்கொள்ள மாட்டான் என்கிற கெட்டிக்காரத்தனம். ராயப்பனும் ஒரு நாழிகை முன்னே பின்னே விட்டதில்லை. தோளில் மண்வெட்டியும் கையில் அடையாளம் வெட்டிய மூங்கில் கோலுமாக அவன் வரப்பில் வந்தால், வருஷக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாத பங்காளிகள்கூட அவன் சொன்ன கணக்குக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கார், கள்ளிமேட்டுத் தரிசைச் சேரியில் ஏழு குடும்பத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. அதில் ஒன்று ராயப்பனுடையது. பட்டா வந்த வாரமே விருத்தாசலம் அவனை ஏரிக்கரைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். ஆறு காணிக்காரர், ஊரில் அவர் தும்மினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

"நேத்து வரைக்கும் உனக்கு நெலம் இல்ல, நம்பினோம். இன்னிக்கு உனக்கும் நெலம் கீது. இனிமே உன்ன எப்பிட்றா நம்புறது?" என்றார்.

கோலை வாங்கித் தம் பங்காளி கண்ணையனிடம் கொடுத்தார். கண்ணையனின் கழனி மதகுக்கு அடியிலேயே இருக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வருஷம் கண்ணையன் கழனியில் கெளுத்தி மீன் துள்ளியது, கள்ளிமேட்டில் மண் வெடித்தது. மறு வருஷம் சேரி ஆட்கள் மதகடிக்குப் போனார்கள், ஊர் ஆட்களும் தடியோடு போனார்கள். மூன்று மண்டைகள் உடைந்தன. மோட்டார் காரில் ஒரு துரை வந்தார், பார்த்தார், போனார். பழைய மதகுக்கு இரும்பு ஷட்டர் வந்தது, ஷட்டருக்குப் பூட்டு வந்தது, சாவி திண்டிவனத்தில் ஓவர்சீயரிடம் போயிற்று. அவர் பார்வையில் பதினாலு ஏரி. ஏறிப் போக ஒரு சைக்கிள்.

அதற்கப்புறம் சண்டை கம்பிலிருந்து காகிதத்துக்கு மாறியது. சேரிமேல் ஊர் மனுப் போடும், ஊர்மேல் சேரி மனுப் போடும். பதில் வருவதற்குள் அறுப்பு முடிந்து வைக்கோலும் போர் ஏறியிருக்கும்.

"மனு எழுதுனது போதும். நேரா போயி அந்த ஓவர்சீயரு மூஞ்சியப் பாத்து வாயத் தொறந்து கேளு" என்றாள் ராயப்பனின் மனைவி பூமாலை. கேப்பைக் களி உருண்டை இரண்டைத் துணியில் முடிந்து அவன் கையில் திணித்தாள். "கதிரு இன்னும் அஞ்சு நாளு தாங்கும். அதுக்கு மேல நான் கண்ணீர் விட்டாதான் உண்டு."

செவ்வாய்க்கிழமை கோழி கூவும்போதே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ராயப்பன் திண்டிவனம் போய்ச் சேர்ந்தான். ஆபீஸ் வராந்தாவில் கிடந்த ஒற்றைப் பெஞ்சில், மடியில் மடித்த மனுவோடு உட்கார்ந்திருந்தவர் விருத்தாசலம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி சேவகன் பச்சைமுத்துவைப் பார்த்தார்கள்.

"ஓவர்சீயரு விழுப்புரம் கேம்பு" என்றான் பச்சைமுத்து, மனுவுக்குக் கையை நீட்டாமலே. "சாவி வளையத்த இடுப்புலயே மாட்டிக்கினு பூட்டாரு. பத்தே முக்கா வண்டியப் புடிச்சா பாத்துடலாம்."

ஸ்டேஷனில் விருத்தாசலம் ஒரு பெட்டியையும் ராயப்பன் வேறு பெட்டியையும் குறி வைத்து நின்றார்கள். ஆனால் அன்றைக்கு மயிலத்தில் கிருத்திகை. காவடியும் பாலும் கைக்குழந்தையுமாக வந்த கூட்டம் இருவரையும் அள்ளி ஒரே பெட்டிக்குள் கொட்டியது. விருத்தாசலத்துக்குப் பெஞ்சு ஓரத்தில் இடம் கிடைத்தது. கால் அகட்டி உட்கார்ந்தார். ராயப்பன் அவருக்கு எதிரே உட்காரக் கூசி, வழியை அடைத்துக்கொண்டு நின்றான்.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்கும் கூடைக்காரி ஒருத்திக்கு அது பொறுக்கவில்லை. சின்னபொண்ணு என்று அந்த லைனில் டிக்கெட் பரிசோதகர் முதல் எல்லாருக்கும் அவளைத் தெரியும்.

"பெரியவரே, பெஞ்சு இன்னா உங்க ஊட்டு சீதனமா? நவுந்து குந்துங்க. யோவ், நீயும் குந்து. வழியில நின்னுக்கினு பேஜாரு பண்ணாத" என்று ராயப்பனின் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

ராயப்பன் உட்கார்ந்துவிட்டான். தொடையோடு தொடை ஒட்டிக்கொண்டது. ஊரில் அவர் நடக்கிற வரப்பில் எதிரே வந்தால் இவன் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். விருத்தாசலம் ஜன்னல் வழியாகத் தந்திக் கம்பங்களை எண்ணத் தொடங்கினார். ராயப்பனுக்கோ வியர்த்தது, ஆனால் உள்ளுக்குள் எங்கேயோ சிரிப்பும் முட்டியது. ரயில்காரன் ஊர் எது சேரி எது என்று பிரித்துப் பெஞ்சு போடவில்லை பார், என்று நினைத்துக்கொண்டான்.

பசி இருவருக்கும் இருந்தது. களி உருண்டையை எடுத்து விருத்தாசலத்தின் முன்னால் தின்ன ராயப்பனுக்கு மனசு வரவில்லை. அவருக்குக் கொடுக்கவோ வழக்கம் இல்லை. விருத்தாசலம் ஓர் அளவு மல்லாட்டை கேட்டார். அடுத்த மூச்சில் ராயப்பனும் ஓர் அளவு கேட்டான். சின்னபொண்ணு இரண்டு அளவையும் ஒரே காகிதத்தில் கொட்டி, இருவர் தொடைக்கும் நடுவில் விரித்து வைத்தாள்.

"ஒரு காயிதந்தான் கீது. பக்கத்து பக்கத்துலதான குந்திக்கினு கீறீங்க, எடுத்துத் துன்னுங்க."

விருத்தாசலம் காகிதத்தை முறைத்தார். பிறகு, "தோலு உரிச்சித் திங்கறதுக்கு ஒண்ணும் தோஷம் இல்ல" என்று யாருக்கோ தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒன்றை எடுத்து உடைத்தார்.

வாயில் ஏதாவது அரைபட்டால் மனிதனுக்குப் பேச்சு வந்துவிடும். "உங்க ஆளுங்க அன்னிக்கு மதகடிக்கி வராம இருந்தா இந்தப் பூட்டே வந்திருக்காது" என்று ஆரம்பித்தார்.

"தண்ணி வந்திருந்தா நாங்க ஏன் ஆண்டே வரப்போறோம்?"

"எனக்கு மட்டும் வழிஞ்சி ஓடுச்சா? என் ஆறு காணியும் அரை வயிறுதான்."

"தெரியும் ஆண்டே" என்றான் ராயப்பன். "கெணத்தடி ரெண்டு காணி களிமண்ணு, எட்டு நாழி போதும். ஆலமரத்துக் காணி மணலு, அது ஒண்ணே ஆறு நாழி குடிக்கும். மேற்கால மூணு காணிக்கும் பன்னெண்டு. ஆக இருபத்தாறு. கண்ணையன் உங்களுக்கு வுட்டது பதினாறு."

"இருபத்தாறுன்னு சொன்னானே!"

"நானு வரப்பு மேல நின்னு நெழல அளந்தவன் ஆண்டே. மீதி பத்து நாழியும் அவரு கழனியிலதான் மீனாப் போச்சு."

விருத்தாசலம் உரித்த கொட்டையை வாயில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தார். அவருடைய ஆறு காணியின் தாகத்தை இப்படி விரல்விட்டுச் சொல்லக்கூடியவன் அவர் வீட்டிலேயே கிடையாது. பங்காளி ஏமாற்றினான் என்பது ஒரு குத்து, சேரிக்காரன் எடுத்துச் சொல்லித் தெரிகிறதே என்பது அதைவிடப் பெரிய குத்து. "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒன்றும் வராது என்று ராயப்பனுக்குத் தெரியும்.

மயிலத்தில் கிருத்திகைக் கூட்டம் இறங்கி வண்டி பாதி காலியாயிற்று. எதிரே ஒரு முழுப் பெஞ்சு சும்மா கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். எழுந்தால் மல்லாட்டை சிந்தும். எழவில்லை.

"எந்த ஊரு ரெண்டு பேரும்?" என்றாள் சின்னபொண்ணு.

"புங்கம்பாக்கம்" என்று இரண்டு வாயும் ஒன்றாகச் சொன்னது.

"எங்க போறீங்க?"

"மதகு சாவி வாங்க."

"ஒரே ஊரு, ஒரே மதகு, ஒரே சாவி. அதுக்கு ரெண்டு டிக்கிட்டா?" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஏகப்பட்ட வியாபாரம் இருந்தது.

விழுப்புரத்தில் ஓவர்சீயர் அரங்கநாதன் கேம்பு விடுதியின் வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பதினாலு சாவி தொங்கியது. இரண்டு மனுவையும் வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அவற்றின் மேல் பசை டப்பாவை வைத்தார்.

"சாவி உங்களுக்கு வேணுமா? எடுத்துக்கினு போங்கய்யா! சந்தோஷமா குடுக்கறேன்" என்றார். "பஞ்சாயத்து போர்டு இருக்கிற ஊர்ல, போர்டே கூடித் தீர்மானம் போட்டு மதக நிர்வாகம் பண்ணிக்கலாம்னு ஆர்டர் வந்து நாலு மாசம் ஆச்சு. உங்க ஊர்ல போர்டு இருக்குதா இல்லியா?"

"இருக்குது" என்றார் விருத்தாசலம், மேல்துண்டைப் பார்த்துக்கொண்டே.

"பிரசிடென்ட் யாரு?"

"நான்தான்."

"மெம்பருங்க?"

"நானும் ஒரு மெம்பருங்க" என்றான் ராயப்பன். சேரிக்கு ஒரு இடம் என்று சர்க்கார் விதி இருந்தது. அதில் அவனைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

ஓவர்சீயர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். "போர்டு கடைசியா எப்ப கூடுச்சு?"

கூடிப் பதினாலு மாசம் ஆகியிருந்தது. முதல் கூட்டத்தை விருத்தாசலம் பெருமாள் கோயில் மண்டபத்தில் போட்டார். ராயப்பனை மதிலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே பேசியது அவனுக்குக் காதில் விழவில்லை. நோட்டை வெளியே கொண்டுவந்து கையெழுத்துப் போடு என்றபோது, காதில் விழாததற்குக் கையெழுத்து எப்படிப் போடுவது என்று கேட்டுவிட்டான். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்த திமிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மண்டபத்தை விட்டு வேறு இடத்தில் கூட்டம் போட்டால் கௌரவம் என்ன ஆவது என்று விருத்தாசலம் பிடிவாதம் பிடித்தார். அதோடு போர்டு படுத்துவிட்டது.

இருவரும் மாறி மாறிச் சொல்லி விஷயம் புரிந்ததும் ஓவர்சீயர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் சரிந்தது. "பிரசிடென்ட்டும் மெம்பரும் ரயிலேறி எங்கிட்ட வந்திருக்கீங்க! எனக்கு உங்க ஊர்ல ஒரு நாத்து உண்டா? தண்ணி வந்தா எனக்கு இன்னா, வராட்டி எனக்கு இன்னா?" பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "கேளுங்க. எனக்கு மாத்தல் ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை இந்த வளையத்தக் கடலூர்ல ஒப்படைக்கணும். புது ஆளு வர மாசி ஆவுமோ பங்குனி ஆவுமோ. வியாழக்கிழமை காலைல உங்க ஊருக்கு வர்றேன். அஞ்சு மெம்பர் கையெழுத்தோட, சாவி யார் பொறுப்புன்னு எழுதின தீர்மானம் இருந்தா சாவி உங்களுது. இல்லன்னா கடலூர்ல போய்க் கேட்டுக்கோங்க."

ராயப்பன் மனசுக்குள் நாள் எண்ணினான். மாசியில் தண்ணீர் வந்தால் பதருக்குத்தான் பாய்ச்ச வேண்டும். ஒரே ஒரு நாள் நடுவில் இருந்தது.

திரும்புகிற வண்டியில் கூட்டம் இல்லை. இருந்தும் இருவரும் எதிரெதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முண்டியம்பாக்கம் போயிற்று, விக்கிரவாண்டி போயிற்று. பேரணி வரும்போது விருத்தாசலம் தொண்டையைக் கனைத்தார்.

"மீட்டிங்க எங்கடா வெக்கிறது?"

"எனக்குக் காது கேக்குற எடத்துல வெச்சா போதும் ஆண்டே."

"ஏரிக்கரையில?"

"ஏரிக்கரை சாமிக்கும் சொந்தம் இல்ல, மாதாவுக்கும் சொந்தம் இல்ல. அங்கயே வெய்யுங்க."

மறுநாள் காலை புங்கம்பாக்கத்து ஏரிக்கரையில் கூடிய கூட்டம் போல் தேருக்குக்கூடக் கூடியதில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் கோரைப்பாயில் போர்டு. விருத்தாசலம், கண்ணையன், நடு வாய்க்கால்காரர் கோதண்டபாணி, மளிகைக் கடை வெங்கடாசலம், பாயின் ஓரத்தில் ராயப்பன். வெங்கடாசலத்துக்கு எழுத்து அழகாக வரும் என்பதால் நோட்டு அவர் மடியில் இருந்தது.

சாவியைப் போர்டு வாங்கிக்கொள்வது என்பதில் தகராறே வரவில்லை. அடுத்தது யாருக்கு எத்தனை நாழிகை என்று. ராயப்பன் எழுந்து நின்று, மதகடியில் தொடங்கிக் கள்ளிமேடு வரைக்கும் நாற்பத்தொரு கழனியையும் மண்ணையும் நாழிகையையும் ஒன்று விடாமல் சொன்னான். கரையில் ஈ பறந்தால் கேட்கும். ஒவ்வொருவரும் தம் கழனி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், வந்ததும் விட்டார்கள். யாருக்கும் குறை சொல்ல வாய் வரவில்லை, ஒருவரைத் தவிர.

"என் கழனிக்கு நாலு நாழி பத்தாது" என்றார் கண்ணையன்.

"மீனு வளக்காம இருந்தா பத்தும்" என்றான் ராயப்பன்.

சேரிப் பக்கம் சிரித்தது. அதற்கு முன்பே ஊர்ப் பக்கம் சிரித்துவிட்டது. கண்ணையனால் கெட்டது சேரி மட்டும் இல்லையே.

சாவி யாரிடம் என்று வந்தபோதுதான் சிரிப்பு அடங்கியது. பிரசிடென்ட்டிடம் என்றார் கோதண்டபாணி. சேரி 'ஆகாது' என்றது. ராயப்பனிடம் என்று சேரியில் ஒரு குரல் வந்தது. 'நிலக்காரன், ஆகாது' என்றது ஊர். நிலமே இல்லாத வெங்கடாசலம் வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். "ஐயையோ, எனக்குக் கடையில ரெண்டு பக்கமும் யாவாரம் கீது, ஆள விடுங்க" என்று அவர் நோட்டையே கீழே வைத்துவிட்டார். வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டிவிடலாம் என்றான் ஒருவன். வெயில் தலைக்கு ஏறியது. பேச்சு தடித்தது. பின்வரிசையில் யாரோ ஒருவன் உட்கார்ந்த இடத்தில் கல்லைத் தடவ ஆரம்பித்ததை ராயப்பன் பார்த்துவிட்டான். நாளைக் காலை ஓவர்சீயர் வருவார், இதைப் பார்ப்பார், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். தன் முக்கால் காணி இந்தக் கரையிலேயே காய்ந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது.

"நிறுத்துங்கடா!" என்று விருத்தாசலம் எழுந்தார். நேற்று ரயிலில் விழுங்கியது இன்னும் அவருக்குச் செரிக்கவில்லை. "கண்ணையா, நீ தலமடைக்காரன். உன் கழனி நெறஞ்சதும் நீ குப்புறப் படுத்துத் தூங்குவ. கீழ காஞ்சா உனக்கு இன்னா? என்னியே எடுத்துக்கோ, நான் நடுவுல கீறேன். என் ஆறு காணியும் நனைஞ்சிட்டா நானும் தூங்குவேன், பொய் சொல்ல மாட்டேன். நேரத்துக்குத் தொறக்கலன்னா எவன் கழனி மொதல்ல சாவும்? மேல ஒருத்தன் ஒரு நாழி அதிகமா இழுத்துக்கினா எவனுக்குத் தண்ணி கொறையும்? மூடாம வுட்டு ஏரி வத்திட்டா எவன் வாயில மண்ணு? அவன் தூங்க மாட்டான். அவன்கிட்ட குடுங்க சாவிய!"

எல்லாத் தலையும் வாய்க்காலோடு கீழே போய், கள்ளிமேட்டில் நின்றது. அங்கே கடைசிக் கழனி ராயப்பனுடையது.

கோதண்டபாணி மட்டும் தாடையைச் சொறிந்தார். "எல்லாருக்கும் நாழி எழுதியாச்சு. கொறச்சி வுட்டா நோட்டு கீது, கேட்டுடலாம். சரிதான்" என்றார். கண்ணையன் எதையோ சொல்ல வாயெடுத்து, தம் பக்கத்து முகங்களைப் பார்த்து மூடிக்கொண்டார்.

ராயப்பனுக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் கோபம் வந்தது. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கோபம். "நெலம் வந்துச்சுன்னுதான ஆண்டே அன்னிக்கு கோலப் புடுங்கினீங்க?"

"ஆமாண்டா. இன்னிக்கு நெலம் கீதுன்னுதான் சாவி குடுக்கச் சொல்றேன். அன்னிக்கு நான் யோசிச்சது தப்பு. இன்னா இப்ப, அதையும் தீர்மானத்துல எழுதணுமா?"

வெங்கடாசலம் நிஜமாகவே பேனாவைத் தூக்கினார். "எழுதாதய்யா!" என்று விருத்தாசலம் போட்ட சத்தத்தில் கரை முழுவதும் கொல்லென்று சிரித்தது. தடவின கல்லை ஒருவன் மெதுவாக ஏரிக்குள் போட்டான்.

கையெழுத்தில் கடைசியாக ஒரு முடிச்சு விழுந்தது. ராயப்பன் பெயருக்குக் கீழே தம் பெயர் வரக்கூடாது என்றார் கண்ணையன். தண்ணீர் போகிற வரிசையில் போடுங்கள் என்று வெங்கடாசலம் வழி சொன்னார். முதல் கையெழுத்து தமக்கு என்றதும் கண்ணையன் மலர்ந்துபோய் நீட்டி முழக்கிப் போட்டார். கடைசியில் ராயப்பன், காதால் கேட்ட தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

வியாழக்கிழமை ஓவர்சீயர் வந்தார். ஐந்து கையெழுத்தையும் விரலால் தொட்டு எண்ணினார். வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி ராயப்பன் கையில் போட்டுவிட்டு, பாரம் ஒன்று குறைந்தது என்று சீட்டியடித்துக்கொண்டு போனார். ராயப்பன் ஷட்டரைத் திருகினான். மதகு ஒரு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது.

இதோடு ஊரும் சேரியும் கட்டிப் பிடித்துக்கொண்டன என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். பெருமாள் கோயில் மதில் அங்கேயேதான் இருந்தது, டீக்கிளப்பில் ராயப்பனுக்குத் தனிக் குவளையும் அப்படியேதான் தொங்கியது. ஆனால் வாய்க்கால் விஷயத்தில் இனி யாரிடம் கத்துவது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒருவனிடம் கத்தலாம், அவனும் திருப்பிக் கத்துவான், அரை நாழிகையில் தீர்ந்துவிடும். இரண்டாம் நாள் இருபத்தாறு நாழிகை முடிந்ததும் விருத்தாசலமே வந்து, "ரெண்டு நாழி சேத்து வுட்றா" என்று தணிந்த குரலில் கேட்டுப் பார்த்தார்.

"நாலு மெம்பருங்களையும் கூட்டுங்க பிரசிடென்ட்டு. தீர்மானம் ஆனா வுட்டுட்றேன்" என்றான் ராயப்பன், மடையை அடைத்துக்கொண்டே.

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கொழுப்புடா உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் கள்ளிமேட்டில் ஆறு கழனி நனைந்து, ராயப்பனின் முறை வந்தது. பூமாலை மடையருகே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். தண்ணீர் வாய்க்கால் விளிம்பில் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. ராயப்பன் மடையைத் திறந்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப்பக்கம் நடந்தான்.

"எங்க போற?"

"மதக மூட."

"உனக்கு இன்னா பைத்தியமா? நம்ம கழனியில இன்னும் ஒரு மூலகூட நனையல!"

"வாய்க்கா நீளம் ஒரு மைலுடி. மதக இப்ப மூடினாலும் வாய்க்கால்ல கீற தண்ணி வந்து சேரும், நமக்கு அது போதும். இங்க நெறையற வரைக்கும் பாத்துக்கினு இருந்தா ஒரு மைலு தண்ணி வீணாப் பூடும். அறுப்புக்கு முன்னால இன்னும் ஒரு தண்ணி வோணும்ல. அப்பவும் நாமதான கடைசி?"

"வழியில எவனாவது மடைய வெட்டிட்டா?"

இருபது வருஷமும் அவன் மூடிவிட்டு வந்தது அடுத்தவன் தண்ணீருக்காக. இன்றைக்கு முதல் தடவையாகத் தன் நெல்லுக்கு வேண்டிய தண்ணீரை நாற்பது கழனிக்காரன் கண்ணெதிரே வாய்க்காலில் தனியாக விட்டுவிட்டுப் போகிறான். ஓட்டமும் நடையுமாகப் போய் ஷட்டரைத் திருகி மூடிப் பூட்டினான். திரும்பி வாய்க்கால் ஓரமாகவே வந்தான், ஒவ்வொரு மடையாகப் பார்த்துக்கொண்டு. கண்ணையன் மடை அடைத்துக் கிடந்தது. கோதண்டபாணியின் மடை அடைத்துக் கிடந்தது.

ஆலமரத்து மணல் காணியின் மடையில் விருத்தாசலம் நின்றுகொண்டிருந்தார். வேட்டியைத் தொடைக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தார். மடையை வெட்டுகிறார் என்றே ராயப்பன் நினைத்தான். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. மணல் மடை ஓர் ஓரத்தில் கரைந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையில் தம் வலது காலை வைத்து அடைத்துக்கொண்டு நின்றார், ஆறு காணிக்காரர்.

"எவ்ளோ நேரமா ஆண்டே?"

"அது எதுக்கு உனக்கு? ஒரு கை மண்ணு போடு, காலு மரத்துப்போச்சு." ராயப்பன் இரண்டு வெட்டு வெட்டி மண்ணை அப்பியதும் காலை உருவிக்கொண்டார். "ஜல்தியா போ. உன் தண்ணி உனக்கு முன்னால போய்க்கினு கீது."

ராயப்பன் ஓடினான். கள்ளிமேட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால் வற்றிச் சேறு தெரிந்தது. கழனியில் நாலு மூலையும் நிறைந்து, பூமாலை கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வரப்பிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான்.